பெண்களுக்கான சிறிய ஜிம்: நான்கு மாதிரிகள், எது தாக்குப்பிடிக்கும்?

சுமார் 70 சதுர மீட்டர் அறை, இரண்டு பயிற்சியாளர்கள், ஒரு உடை மாற்றும் அறை. கையில் இருப்பது இவ்வளவுதான் என்றாலும் அதற்குள் நான்கு வெவ்வேறு தொழில்களை நடத்தலாம். மெஷின்கள் நிறைந்த திறந்த ஜிம், மெஷின்களை வட்டமாகப் போட்டு நடத்தும் அரைமணி சர்க்யூட், நடனம், ஏரோபிக்ஸ் போன்ற குழு வகுப்பு, ஆறு முதல் எட்டுப் பேர் எடை தூக்கப் பழகும் சிறுகுழுப் பயிற்சி. பெயர்ப்பலகையில் நான்கும் 'லேடீஸ் ஜிம்'தான். வரவு செலவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

மெஷின் பட்டியலைத் திறப்பதற்கு முன் இரண்டு எண்களைப் பாருங்கள். பயிற்சியாளரின் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கவனிக்கப்படுகிறார்கள்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் மாதமும் கட்டணம் கட்டுகிறார்கள்? மாதம் 10 சதவீதம் பேர் விலகினால் ஒருவர் சராசரியாகத் தங்குவது 10 மாதம். 5 சதவீதம் என்றால் 20 மாதம். 100 உறுப்பினர்களில் மாதம் 10 பேர் போகிறார்கள் என்றால், இருக்கும் இடத்தில் நிற்கவே 10 புதியவர்கள் வேண்டும். பார்க்க வருபவர்களில் மூவரில் ஒருவர் சேர்வார் என்று வைத்துக்கொண்டால், மாதாமாதம் 30 பேரை உள்ளே அழைத்து வந்தாக வேண்டும். சிறிய இடத்துக்கு இது மூச்சு முட்டும் வேலை.

திறந்த ஜிம்

வருபவர் கண்ணுக்கு இதுதான் 'ஜிம்'. புகைப்படத்தில் நன்றாக இருக்கும், முதல் மாதச் சேர்க்கையும் நன்றாகவே இருக்கும். சிக்கல் இடத்தில் தொடங்குகிறது. ஒரு டிரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீட்டர் காலி இடம் விட வேண்டும்; விழுந்தால் சுவரில் மோதிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க இதுதான் பாதுகாப்பு. மூன்று டிரெட்மில் போட்டாலே அறையில் கால்வாசி போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு வேண்டும். ஒரே லைனில் இரண்டைப் போட்டால் பிரேக்கர் விழும். பெல்ட்டுக்கு அடியில் சிலிகான் எண்ணெய் விடாமல் ஓட்டினால் மோட்டார் சூடேறும்.

இன்னொரு சிக்கல் உடலளவு. பல மெஷின்கள் சராசரி ஆணின் அளவுக்குச் செய்யப்பட்டவை. 150 செ.மீ. உயரமுள்ள ஒருவரை உட்காரவைத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். இருக்கையை எந்த நிலைக்கு மாற்றினாலும் பாதம் தரையில் படியவில்லை, முழங்கால் மெஷினின் சுழல் அச்சுக்கு நேராக வரவில்லை என்றால் அந்த மெஷின் அவருக்கு இல்லை. எடை அடுக்கின் முதல் தட்டையும் தள்ளிப் பாருங்கள். தோளுக்கு மேல் தள்ளும் மெஷின்களில் அந்த முதல் தட்டே புதியவருக்கு அதிகமாக இருப்பது சகஜம்.

எல்லோரும் மாலையில் ஒரே இரண்டு மணி நேரத்துக்குள் வருவார்கள். நடமாடும் ஒரு பயிற்சியாளர், கேள்வி கேட்கத் தயங்காத நாலு பேரைக் கவனிப்பார். தயங்கும் இருபது பேர் டிரெட்மில்லில் நடந்துவிட்டுக் கிளம்புவார்கள். நடப்பதற்குத் தெருவே போதும் என்று அவர்களுக்குத் தோன்ற அதிக நாள் ஆகாது. பெரிய ஜிம் ஒன்று குறைந்த கட்டணத்தோடு பக்கத்தில் திறந்தால் முதலில் அடிவாங்கும் மாதிரியும் இதுதான்.

அரைமணி சர்க்யூட்

இதை உலகெங்கும் பரப்பியது 1992இல் டெக்சாஸ் மாநிலம் ஹார்லிங்கனில் தொடங்கிய கர்வ்ஸ். ஹைட்ராலிக் மெஷின்கள், இடையிடையே ஓரிடத்தில் நின்று குதிக்கும் பலகைகள், ஒலிப்பெருக்கி சொன்னதும் அடுத்த இடத்துக்கு மாறுவது, 30 நிமிடத்தில் வீடு. பல ஆயிரம் கிளைகளாகப் பெருகியது. அமெரிக்கக் கிளைகளில் பெரும்பகுதி பின்னர் மூடப்பட்டது. இரண்டுக்கும் காரணத்தை மெஷினுக்குள்ளேயே தேடலாம்.

ஹைட்ராலிக் சிலிண்டரில் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. எடையைத் தாங்கியபடி மெதுவாக இறக்கும் கட்டம் அதில் கிடையாது. அதனால் மறுநாள் வலி குறைவு, எடை மேலே விழும் பயம் இல்லை, கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். முதல் முறை ஜிம்முக்குள் வருபவருக்கு இதைவிட மென்மையான நுழைவு கிடையாது. ஆனால் மூன்று மாதம் கழித்து 'எவ்வளவு முன்னேறினேன்?' என்று கேட்டால் காட்ட ஒரு கிலோ கணக்கு இல்லை. எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் 3இல் இருந்தது 4 ஆனது, அவ்வளவுதான். இறக்கும் கட்டத்தில் தசைக்குக் கிடைக்கும் வேலையும் விட்டுப்போகிறது. பராமரிப்பில் கவனிக்க வேண்டியது சிலிண்டர் கசிவு. தண்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அந்தப் பக்கம் 'பொத்' என்று இலகுவாகிவிடும்; இடவலம் சமமில்லாமல் இழுக்கத் தொடங்குவார்கள்.

நேரம் குறைவாக உள்ளவர்களும், வயது கூடியவர்களும் நிறைய இருக்கும் பகுதியில் இது நடக்கும். வட்டத்தில் இரண்டு மூன்று இடங்களிலாவது டம்பெல் வைத்து ஆளுக்கொரு பதிவு அட்டை கொடுத்தால் ஆயுள் கூடும்.

குழு வகுப்பு

தொடங்கச் செலவு மிகக் குறைவு. குதிக்கும் அதிர்வைத் தாங்கும் தரை, கண்ணாடி, நல்ல ஒலி அமைப்பு. ஒருவருக்கு 3 முதல் 4 சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் 60 சதுர மீட்டரில் 16 பேர் கை வீசி ஆடலாம். பயிற்சியாளர் மணிக்கு அதிக வரவு தரும் மாதிரி இதுவே. ஒலி விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும்: வகுப்பில் பாட்டுப் போடப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் வேண்டும், மாடியில் எடுத்தால் கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்பது பாட்டு அல்ல, 16 ஜோடிக் கால்கள்.

பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது. உறுப்பினர்கள் உங்கள் நிலையத்துக்கு வருவதில்லை, அந்தப் பயிற்சியாளருக்காக வருகிறார்கள். அவர் தெரு முனையில் தனியாக ஆரம்பித்தால் பேட்ச் முழுக்க அங்கே போகும். ஒவ்வொரு பேட்சுக்கும் இரண்டு பயிற்சியாளர்களை மாற்றி மாற்றி அனுப்புவது முதல் நாளிலிருந்தே நடந்தால் இதைத் தாங்கலாம். பின்னால் ஆரம்பித்தால் 'எங்க டீச்சர் எங்கே?' என்ற கேள்விதான் வரும்.

வார்ம்-அப்பில் எல்லோரையும் குதிக்கவைப்பது இங்கே வெளியில் தெரியாத இழப்பு. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் இடுப்புத்தள தசைகள் தளர்ந்திருந்தால் குதிக்கும்போது சிறுநீர் கசியும். அப்படி நேர்ந்தவர் யாரிடமும் சொல்ல மாட்டார், மறுநாள் வரமாட்டார், போன் செய்தால் 'வீட்டில் வேலை' என்பார். படியேறி இறங்குவதை முதலில் காட்டிவிட்டு, குதிப்பதை 'விரும்புபவர்கள்' என்று வைத்தால் இது நேராது. சேரும் படிவத்திலேயே இதை ஒரு சாதாரணக் கேள்வியாகச் சேருங்கள். 'ஆம்' என்பவர்களை இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புங்கள்.

சிறுகுழு எடைப் பயிற்சி

நான்கில் எங்கள் தேர்வு இது. காரணங்களை எண்ணிலேயே சொல்லலாம்.

ஒரு பேட்சில் 8 பேர், ஒரு பயிற்சியாளர், நான்கு ரேக்குகள் (எடைக் கம்பியைத் தாங்கும் சட்டங்கள்), ஒவ்வொன்றிலும் இருவர். ஒரு ரேக்குக்கு 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம் என்றால் 30 சதுர மீட்டர். மீதி இடம் பாய், டம்பெல், நடைபாதைக்கு. நாளுக்கு 6 பேட்ச், வாரம் 5 நாள் என்றால் 240 இடங்கள். ஒருவர் வாரம் இருமுறை வந்தால் 120 உறுப்பினர்கள். நண்பகல் பேட்ச்கள் நிரம்பாது என்பதால் 75 முதல் 80 என்று எடுத்துக்கொள்வது நியாயம். இப்போது செலவு: வாடகை, சம்பளம், மின்சாரம், தவணை எல்லாம் சேர்த்து மாதம் 100 பங்கு, ஒருவரின் கட்டணம் 2.5 பங்கு, அவருக்காக ஆகும் சில்லறைச் செலவு 0.5 பங்கு என்றால் 50 பேரில் வரவும் செலவும் சமமாகிவிடும். உங்கள் எண்களைப் போட்டு இதையே செய்யுங்கள். நியாயமாக நிரம்பக்கூடிய எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியும் நஷ்டம் என்றால் அந்த வாடகை உங்களுக்கு ஆகாது.

உடலுக்கான காரணமும் வலுவானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசை வலுப் பயிற்சி கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் பயிற்சியாளர் கண்காணிப்பில் வாரம் இருமுறை, 30 நிமிடம், 8 மாதம் கனமான எடை தூக்கினார்கள்; முதுகெலும்பின் கீழ்ப்பகுதி அடர்த்தி கூடியது. வாரம் இரண்டு முறை, அரைமணி, கண்காணிப்புடன் என்ற மூன்று நிபந்தனைகளும் இந்த மாதிரிக்கு அப்படியே பொருந்துகின்றன.

சாமான் வாங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டம்பெல் 2.5 கிலோ இடைவெளியில் வாங்கினால் 5இலிருந்து 7.5க்குத் தாவுவது 50 சதவீத ஏற்றம். யாரும் தாவ மாட்டார்கள், 5லேயே ஆறு மாதம் நிற்பார்கள், சலித்துப்போய் விலகுவார்கள். 1 முதல் 10 வரை கிலோவுக்கு ஒரு ஜோடி, நடுவில் உள்ள 4, 5, 6, 8 இரட்டிப்பு, பிறகு 12, 14, 16, 20. பார்பெல் பெண்களுக்கான 15 கிலோ வகை: 20 கிலோ கம்பி 28 மி.மீ. தடிமன், இது 25 மி.மீ. என்பதால் சிறிய கைக்குப் பிடி நிற்கும். தோளுக்கு மேல் தூக்க அதுவும் கனம் என்பவர்களுக்கு 5 முதல் 10 கிலோவில் ஒரு பழகு கம்பி. தரையிலிருந்து தூக்கும்போது கம்பியின் உயரம் முக்கியம், 45 செ.மீ. விட்டமுள்ள 5 கிலோ பழகு தட்டுகள் இல்லாமல் சின்ன இரும்புத் தட்டுகளை மாட்டினால் கம்பி சுமார் 10 செ.மீ. தாழ்ந்துவிடும், முதுகு வளையும். அரைக் கிலோத் தட்டுகள் நான்கு ஜோடி மறக்காதீர்கள். சின்னச் செலவு, ஆனால் வாராவாரம் ஏற்றம் தெரிவது அதனால்தான். தரைக்குப் பொதுவான இடத்தில் 8 முதல் 10 மி.மீ. ரப்பர் போதும், ரேக்கின் அடியில் 20 மி.மீ. போடுங்கள்.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். 'தசை புடைத்துவிடும்' என்று பயப்படுபவர்களிடம் பேசிப் பேசித்தான் முதல் பேட்சை நிரப்ப முடியும். பயிற்சியாளரும் ஆடத் தெரிந்தவராக இருந்தால் போதாது. ஸ்குவாட்டில் (உட்கார்ந்து எழும் பயிற்சியில்) முழங்கால் உள்ளே மடிவதை அறையின் மறுமுனையிலிருந்து கண்டுபிடிக்கத் தெரிந்தவராக வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைக்கவில்லை என்றால் சர்க்யூட்டில் தொடங்குவதே நேர்மை.

சொந்தப் பெயரா, பிரான்சைஸா

சுருக்கமாக: நடைமுறைக் கையேடும் மென்பொருளும் வேண்டும் என்பவருக்குப் பிரான்சைஸ், அதாவது வேறொரு நிறுவனத்தின் பெயரில் அதன் கிளையாக நடத்துவது. ஆனால் மாதாமாதம் விற்பனையில் ஒரு பங்கு போகும், விலையும் மெஷினும் உங்கள் கையில் இருக்காது. ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் வெளியேறும் விதி. 70 சதுர மீட்டருக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

கட்டணம்: ஆண்டுச் சந்தா, பேக், மாதம்

ஆண்டுச் சந்தா திறப்பு விழா நாளில் இனிக்கும். அது லாபம் அல்ல, 12 மாதம் செய்ய வேண்டிய வேலைக்கு வாங்கிய கடன். அதை மெஷினில் போட்டுவிட்டால் ஏழாம் மாத வாடகைக்குக் கை நீட்ட வேண்டி வரும். பத்து வகுப்புப் பேக் வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஏற்றது. காலாவதி தேதி இல்லாமல் விற்றால் வருமானம் எப்போது வரும் என்றே தெரியாது. மாதக் கட்டணமே முதுகெலும்பு. அதற்கு முன்னால் கட்டணமுள்ள 6 வார அறிமுகப் பயிற்சி ஒன்று வையுங்கள்: எல்லோரும் ஒரே நாளில், ஒரே நிலையில் தொடங்குவார்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தனியாக நடுவில் வந்து சேர்பவரைவிட இவர்கள் நிலைக்கிறார்கள்.

கர்ப்பம், அறுவை சிகிச்சை, பயணம், பிள்ளைகளின் தேர்வு என்றால் 1 முதல் 3 மாதம் சந்தாவை நிறுத்திவைக்கும் வசதியை எழுத்தில் கொடுங்கள். ரத்து செய்தவர் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். நிறுத்திவைத்தவர் திரும்ப வந்தால் போதும்.

ஆள் சேர்ப்பது: தள்ளுபடியா, இலவச நாளா, சொல்லி அனுப்புவதா

பாதி விலைத் திறப்புச் சலுகை கூட்டம் சேர்க்கும். விலைக்காக வந்த கூட்டம் விலை ஏறியதும் கலையும், முழு விலை கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அதைவிட முதல் 30 பேருக்கு மட்டும், அவர்கள் தொடரும்வரை மாறாத விலை என்ற தொடக்க உறுப்பினர் திட்டம் மேல். மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த 30 பேரைப் பணம் கட்டவைக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் குறை விளம்பரத்திலா, விலையிலா, இடத்திலா என்பதை மலிவாகவே தெரிந்துகொண்டீர்கள்.

இலவச நாள் வகுப்பைவிட, 20 நிமிடத் தனிச் சந்திப்பு நன்றாகச் சேர்க்கும். பழைய காயம், மருந்து, பிரசவம் பற்றி பார்-கியூ (உடற்பயிற்சி தொடங்கும் முன் உடல்நிலை கேட்கும் படிவம்) வகைக் கேள்விகள், பிறகு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்ற சோதனை. அந்த எண்ணை எழுதிவைத்து 6 வாரம் கழித்து மறுபடி எடுங்கள். '30 நாளில் 10 கிலோ' என்ற பலகையைவிட '11 இருந்தது 16 ஆனது' என்று உறுப்பினரே தோழியிடம் சொல்வது தூரம் போகும். முன்-பின் புகைப்படங்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உடலை வெளியில் காட்ட விரும்பாமல்தான் பலர் பெண்கள் மட்டும் வரும் இடத்தைத் தேடுகிறார்கள். பயிற்சித் தளத்தில் செல்போன் படம் கூடாது என்று எழுதிவைத்துவிட்டு, விளம்பரத்துக்கு நீங்களே ரீல்ஸ் எடுத்தால் எழுதிவைத்ததற்கு மதிப்பில்லை. எடுப்பதென்றால் தனி நேரம், எழுத்தில் சம்மதம்.

கூகுள் மேப்பில் பதியும்போது பேட்ச் நேரங்களைத் தெளிவாகப் போடுங்கள். போனை எடுப்பவருக்கு ஐந்து பதில்கள் தயாராக இருக்கட்டும்: ஆண் பயிற்சியாளர் இருக்கிறாரா, வெளியிலிருந்து உள்ளே தெரியுமா, கேமரா எங்கெங்கே, என் வயதில் யாராவது வருகிறார்களா, உடை மாற்றும் அறையில் பூட்டு உண்டா. விலை ஆறாவதாகத்தான் வரும். கேமரா வாசலிலும் வரவேற்பிலும் மட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அழைப்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரமே வந்து பார்ப்பார்கள் என்பது எங்கள் கணிப்பு. 'பார்த்துச் சொல்கிறேன்' என்று இழுத்தால் திரும்ப அழைக்கவே மாட்டார்கள்.