பழைய மஹிந்திரா தார் ஜீப்பில் ‘கம்பெனி டிஃப் லாக்’ என்று சொன்னால் முதல் இன்வாய்ஸைக் கேளுங்கள்

கொல்லிமலையில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகுத் தோட்டம் இருக்கிறது. மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் முக்கால் கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாதையின் நடுவே வாய்க்கால் மாதிரி அரித்துவிடும். அந்த இடத்தில் முன்னால் ஒரு சக்கரமும், பின்னால் அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரமும் பிடிப்பில்லாமல் தொங்கும். அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதைத்தான் சுற்றவிடும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் லோ கியர் போட்டாலும் தொங்குகிற இரண்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. அதனால்தான் இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றவைக்கும் மெக்கானிக்கல் டிஃப் லாக், அதாவது எம்எல்டி, பின் அச்சில் உள்ள தார்தான் வேண்டும் என்று தேடினேன்.

பழைய வண்டி விற்கிற ஒருவரிடம் 2023 தார், டீசல் எல்எக்ஸ் மாடல் இருந்தது. “கம்பெனியிலேயே டிஃப் லாக் வந்த வண்டி சார், இது தனி ரேட்” என்றார். “எம்எல்டிதானே?” என்று கேட்டேன். “அதேதான் சார்.” மற்ற வண்டிகளைவிட 40,000 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன்.

முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. அதே வாய்க்காலில் வலது பின் சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. எம்எல்டி இருந்தால் இரண்டு பின் சக்கரங்களின் வேகத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததுமே அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் இரண்டும் சேர்ந்து சுற்றும். எனக்குக் கேட்டது ‘கர்ர்... கர்ர்’ என்று பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கிற சத்தம். வண்டி அரையடி ஏறும், நிற்கும், திரும்பச் சறுக்கும். பின் சீட்டில் அம்மா இருந்தார். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம்ப்பா, நடந்தே போயிடலாம்” என்றார். நடந்தேதான் போனோம்.

விஷயம் இதுதான். 2020-இல் வந்த புதிய தாரில் எம்எல்டி கொடுத்தார்கள். 2023 தொடக்கத்தில் அதை மாற்றி, எல்எக்ஸ் ஃபோர் வீல் டிரைவில் பிஎல்டி (பிரேக் லாக்கிங் டிஃபரன்ஷியல்), அதாவது சும்மா சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து மற்றதற்கு இழுவையை அனுப்பும் எலக்ட்ரானிக் முறையைக் கொண்டுவந்தார்கள். எம்எல்டி வேண்டுமானால் டீசல் எல்எக்ஸில் மட்டும், அதுவும் கேட்டு வாங்க வேண்டும் என்று ஆனது. பிஎல்டி மோசமில்லை, பலருக்கு அதுவே போதும். ஆனால் பெயரில் ‘லாக்’ இருப்பதை வைத்துக்கொண்டு அதை எம்எல்டி என்று விற்பது ஏமாற்று வேலை. இரண்டுக்குமே உள்ளே பட்டன் கிடையாது. உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பதையும் நம்பாதீர்கள். எம்எல்டி இருந்தாலும் அந்த வேகத்தில் அது பிடிக்காது. நான் அப்படித்தான் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினேன்.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “நீங்க ஓட்டிப் பார்த்துத்தானே சார் எடுத்தீங்க” என்றார். ஆர்சியில் இந்த விவரம் இல்லை. முதல் உரிமையாளரைத் தேடிப் பிடித்து ஷோரூம் இன்வாய்ஸின் நகலை வாங்கிப் பார்த்தேன். மாடல் பெயரில் எம்எல்டி என்ற எழுத்தே இல்லை. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் விசாரித்தபோதும் அதையே சொன்னார்கள். இந்த இரண்டு வேலையையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். ‘பின் அச்சில் எம்எல்டி உள்ளது’ என்று விற்பனை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘கம்பெனி டிஃப் லாக் வண்டி’ என்ற ஒரு வரிதான். அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே இதே மாதிரி மாட்டியவர்கள் தள்ளிப்போட வேண்டாம். இந்த வருட மிளகு மூட்டையெல்லாம் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில்தான் இறங்கியது.