உப்பு மாவு யானையா, பிஸ்கட் யானையா?

சின்னப் பிள்ளையோடு வீட்டில் மாவு பிசைந்து விலங்கு பொம்மை செய்ய உட்கார்ந்தால் முதல் குழப்பமே இதுதான்: விளையாட உப்பு மாவா, தின்ன பிஸ்கட்டா?

செலவு: உப்பு மாவுக்கு 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, 1 கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் போதும். பிஸ்கட்டுக்கு வெண்ணெயும் சர்க்கரையும் வேண்டும்.

நேரம்: ஓவனில் பிஸ்கட் 170 டிகிரியில் 12 நிமிடம். உப்பு மாவு 100 டிகிரியில் 2, 3 மணி நேரம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் உப்பி வெடித்துவிடும்.

ஆயுள்: நன்றாகக் காய்ந்த உப்பு மாவு, ஈரம் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். பிஸ்கட்? சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது.

கற்பது: இங்கே உப்பு மாவுதான் என் கட்சி. பிஸ்கட் மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து அச்சில் வெட்டினாலும் மெல்லிய வால் கருகிவிடுகிறது. உப்பு மாவில் காலைத் தனியாக உருட்டி, தண்ணீர் தொட்டு ஒட்டலாம். சிலந்திக்கு ஆறு கால் ஒட்டிய என் மகள், படத்தைப் பார்த்து விரல் வைத்து எண்ணிவிட்டு, பேசாமல் இன்னும் இரண்டு உருட்டினாள். பிஸ்கட்டில் வருவது அளவுக் கணக்கு, அதுவும் குறைச்சலில்லை.

பச்சை மாவு இரண்டையுமே வாயில் போட விடாதீர்கள். நாய் வளர்க்கும் வீட்டில் உப்பு மாவே வேண்டாம், அத்தனை உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.

எதையும் வாயில் வைக்கும் வயதா, பிஸ்கட். பொறுமையாக உட்கார்ந்து வண்ணம் தீட்டும் பிள்ளையா, உப்பு மாவு.