சுண்டுவின்ர மேடு பள்ளக் கோப்பை, ஒன்பது மாசத்துக்குப் பிறகு

நேற்று என்னோட வேலை செய்யுற தங்கச்சி ஒருத்தி தெஹிவளையில இருந்து வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டிருந்தா. "அக்கா, உங்கட சுண்டு சாப்பிடுற அந்த மேடு பள்ளம் வச்ச கோப்பை எங்க வாங்கினீங்க, எங்கட பூனைக்குட்டி சாப்பிட்ட கையோட சத்தி எடுக்குது, இப்ப ஓன்லைன்ல 1,500க்கு வந்திருக்கு, வாங்கட்டா?" எண்டு. பூனை அவதிப்பட்டு விழுங்காமல் மெதுவாச் சாப்பிட உள்ளுக்குள்ள மேடு வச்சுச் செய்த கோப்பை அது, நான் 2,400 ரூபாய் குடுத்து வாங்கினது. விலை குறைஞ்சது பரவாயில்ல, ஆனா அந்தக் கேள்வியக் கேட்டோடன எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிட்டுது, ஏனெண்டா ஒன்பது மாசத்துக்கு முதல் இதே கேள்வியோட நானும் கடையில நிண்டனான், கடைக்காரரும் "இத வையுங்கோ, சத்தி நிண்டிடும்" எண்டு சொல்லித்தான் தந்தவர்.

சுண்டுவ நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில, மரீன் டிரைவ் பக்கம் எங்கட ஃபிளற் படிக்குக் கீழ மழைக்க நனைஞ்சபடி எடுத்தது. எட்டுக் கிழமை இருக்கும், 700 கிராம்தான். முதல் ரெண்டு நாள் பால்மா கரைச்சுக் குடுத்தம், வயித்தால போச்சு, பேந்துதான் தெரிஞ்சுது மாட்டுப்பால் கன பூனைக்குச் செமிக்காது எண்டு. பிறகு குட்டிகளுக்கான உலர் சாப்பாடு. வைச்சா அரை நிமிசம்தான், ஆரோ பறிக்க வாற மாதிரி விழுங்குவாள், அஞ்சு நிமிசத்தில ரைல்ஸில அப்பிடியே வெளிய வரும், ஒரு பருக்கை கூட அரைபடாமல், நீட்டா உருளையா. வயிறு குலுங்கிறதோ குமட்டுறதோ ஒண்டும் இல்ல, தலையைக் குனிஞ்சா வந்திடும், பிறகு அதையே திருப்பிச் சாப்பிடப் போவாள். இது சத்தி இல்ல, எதுக்களிப்பு எண்டு பிறகு மிருக வைத்தியர் விளங்கப்படுத்தினவர். சாப்பாடு வயித்துக்க ஒழுங்காப் போக முதலே திரும்பி வாறது. அவதிப்பட்டு விழுங்கிற குட்டிகளுக்கு இது சாதாரணமா வரும்.

இந்த அவதியைக் குறைக்கிற வேலையை அந்தக் கோப்பை செய்யும், அதில நான் பொய் சொல்ல மாட்டன். அரை நிமிசத்தில முடிஞ்ச சாப்பாடு இப்ப பத்து நிமிசம் போகுது. விடிய கரையோரப் பாதையில முதல் ரெயில் போற சத்தம் கேக்கும், அதுக்குப் பிறகு குசினிக்குள்ள இருந்து கறுக் கறுக் எண்டு ஒவ்வொரு பருக்கையா நோண்டி எடுத்து அவள் கடிக்கிற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு அண்டைக்கு முழுக்க மனசு ஆறுதல்.

ஆனா எனக்குக் கோவம் வாறது அந்த "சத்தி நிண்டிடும்" எண்ட சொல்லுக்குத்தான். கோப்பை வாங்கி ஒரு கிழமையில எதுக்களிப்புக் குறைஞ்சுது, ஆனா அதுக்குப் பிறகு வயிறு குலுங்கிக் குலுங்கி மஞ்சளா நுரை மாதிரி எடுக்கத் தொடங்கினாள். நான் என்ன நினைச்சன், கோப்பை பழகேல்ல, ரெண்டு நாளில சரிவரும் எண்டு. பக்கத்து வீட்டு அன்ரி பாவம், நல்ல மனசோடதான், கால் பனடோல் கரைச்சுக் குடுக்கச் சொன்னா. தயவுசெய்து இத வாசிக்கிற ஆரும் அதச் செய்யாதைங்கோ, பனடோலில இருக்கிற பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு, கால் குளிசையே ஒரு குட்டியைக் கொண்டுபோடும். நல்லகாலம் நான் குடுக்கேல்ல. மூண்டாம் நாள் சத்திக்குள்ள வெள்ளையா, இடியப்பத்தில ஒரு இழையைப் பிடுங்கிப் போட்ட மாதிரி ஒண்டு நெளிஞ்சுது. எனக்குக் கை கால் ஓடேல்ல. அப்பிடியே துவாயில சுத்தித் தூக்கிக்கொண்டு ஓட்டோவில வைத்தியரிட்ட ஓடினன்.

வட்டப்புழு. தாய்ப்பாலுக்குள்ளாலயே குட்டிக்கு வந்திடுமாம், அதால எங்க எடுத்த குட்டியெண்டாலும் இருக்கெண்டே நினைக்கோணும். மூண்டு கிழமை வயசில இருந்து ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பூச்சி மருந்து குடுத்திருக்கோணும், பேந்து ஆறு மாச வயசு வரைக்கும் மாசம் ஒருக்கா, அதுவும் நிறுத்துப் பாத்து நிறைக்கேற்ற அளவு. அந்த மூண்டு நாளும் நான் கோப்பையை நம்பியிருந்தன். பெரிய ஆக்களெண்டா மூண்டு நாள் தாங்குவினம், 700 கிராம் குட்டிக்கு ஒரு நாள் சத்தியே உடம்பில தண்ணித்தன்மையும் இரத்தத்தில சீனியும் இறங்கக் காணும். அத இப்ப நினைச்சாலும் எனக்கு ஆறாது.

இனி ஒவ்வொரு நாளும் என்னைப் பாடாய்ப்படுத்துற விசயம். அந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில இருக்கிற மூலை இருக்கே, அதுக்குள்ள விரல் போகாது, பாத்திரம் கழுவுற ஸ்பொஞ்சும் போகாது. தண்ணிப்பதமான சாப்பாடு போட்டா அது அதுக்குள்ள ஒட்டிக் காஞ்சுபோகும், எங்கட ஊர் புழுக்கத்துக்கு மத்தியானத்துக்குள்ள புளிச்ச மணம், அதுக்கு முதலே சின்னச் சிவத்த எறும்பு வரிசையா வந்திடும். பல்லுத் தீட்டுற பிரஷ் ஒண்டு இதுக்கெண்டே சிங்க்கில வச்சிருக்கிறன், நாளைக்கு மூண்டு தரம் தேய்க்கிறன், ஒன்பது மாசமா. கெட்டுப்போன மிச்சத்தைத் திண்டாலே பூனை சத்தி எடுக்கும், சத்தியை நிப்பாட்ட வந்த சாமானே அதுக்கு வழி வைக்குதெண்டா இத ஆர் யோசிச்சுச் செய்தது? பிளாஸ்ரிக் வேற. ஆறாம் மாசம் நாடிக்குக் கீழ கறுப்புக் கறுப்பாப் பொட்டு வந்தது, பிளாஸ்ரிக் கோப்பையாலயும் இப்பிடி வரலாம், மாத்திப் பாருங்கோ எண்டார் வைத்தியர். இன்னொண்டு, உண்மையில தேவைப்பட்ட நேரத்தில, அதாவது ரெண்டு மூண்டு மாசக் குட்டியா இருக்கேக்க, அவளின்ர மூஞ்சி பள்ளத்துக்குள்ள எட்டவே இல்ல, ஏறி நிண்டுதான் சாப்பிட்டவள்.

அதால தங்கச்சிக்கு நான் சொன்னது, வாங்காதைங்கோ. எவர்சில்வர் தட்டையான தட்டு ஒண்டில பருக்கையைப் பரவிப் போடுங்கோ, ஒரு நாள் சாப்பாட்டை நாலாப் பிரிச்சுக் குடுங்கோ, சாப்பாடு மாத்திறதெண்டா ஒரு கிழமை பத்து நாளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து மாத்துங்கோ. வேகமாத் திண்டுதான் எடுக்குதெண்டா கன குட்டிக்கு இதுக்கே நிக்கும். சத்தியோட சோர்ந்து படுத்தா, வயித்தால போனா, இரத்தம் கண்டா, சாப்பாட்டையே பாக்காட்டி, நூல் கீல் விழுங்கின சந்தேகம் இருந்தா, அண்டைக்கே வைத்தியர். தடுப்பூசி போடாத குட்டியெண்டா இன்னும் கவனம், பூனைகளுக்கு வாற பன்லூக்கோபீனியா எண்ட வைரஸ் வருத்தம் காய்ச்சல், சோர்வு, சத்தி எண்டு தொடங்கும், நாள் கணக்கில கொண்டுபோயிடும். ஏலாத குட்டியை வயிறு ஓயட்டும் எண்டு பட்டினி போடவும் வேண்டாம்.

"அப்ப நீங்கள் ஏனக்கா அத இன்னும் வச்சிருக்கிறீங்க?" எண்டு கேட்டா. சுண்டு இப்ப மூண்டரைக் கிலோ, மூஞ்சி எட்டுது, உலர் சாப்பாடு மட்டும்தான் அதில, தட்டில வச்சா இப்பவும் அரை நிமிசத்தில முடிச்சுப்போட்டு எடுப்பாள். போன கிழமை பீங்கானில செய்த அதே மாதிரி ஒண்டு பம்பலப்பிட்டியில கண்டனான், மூலை வளைவா இருந்தது, சம்பளம் வரட்டும்.

அவவின்ர குட்டிக்கு இன்னும் ஒரு பூச்சி மருந்தும் குடுக்கேல்லயாம். நாளைக்குக் காலமை ரெண்டு பேருமா வைத்தியரிட்ட போறம், எடுத்த சத்தியை ஃபோட்டோ எடுத்து வைக்கவும், மலம் கொஞ்சம் சின்ன டப்பாவில கொண்டுவரவும் சொல்லியிருக்கிறன்.