ஸ்பின்னா, புஷ்ஷா? குமரிக் காற்றுக்கு ஏற்ற டிஸ்க் கோல்ஃப் புட்டிங்

புட்டிங்கில் ஸ்பின் நல்லதா, புஷ் நல்லதா என்று கேட்பவரிடம், எந்த ஊர்க் காற்றில் எறியப்போகிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். காற்றாலைகள் சுற்றும் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் பழகுகிறவரும், குலசேகரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பழகுகிறவரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள்தான். ஆனாலும் இருவருக்கும் ஒரே பாணி ஒத்துவராது.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: டிஸ்க் என்னும் தட்டையான வட்டத் தட்டை எறிகிறோம்; சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைதான் இலக்கு. கூடையின் விளிம்பு தரையிலிருந்து சுமார் 82 செ.மீ. உயரத்தில் இருக்கும். 1970களில் அமெரிக்காவில் எட் ஹெட்ரிக் வடிவமைத்த சங்கிலிக் கூடையின் வழிவந்தது இது. அதற்கு முன்பு மரமும் கம்பமும்தான் இலக்கு. கூடைக்கு 10 மீட்டருக்குள் நின்று எறிவதைத்தான் பெரும்பாலும் புட் என்கிறோம். அந்த வட்டத்துக்குள் எறிந்தால், சமநிலையோடு நின்று காட்டிய பிறகே கூடையை நோக்கிக் கால் எடுத்து வைக்கலாம். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை முன்னே தள்ளி எறிகிறவருக்குத்தான் கால் தவறுவது அதிகம்.

கையில் என்ன வித்தியாசம்

ஸ்பின் புட் என்பது கேரம் காயைச் சுண்டுவதற்குப் பக்கத்தில் வரும். டிஸ்க்கை வயிற்றுக்கு நேரே கொண்டுவந்து மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள். முழங்கை நீளத் தொடங்கட்டும். அது முழுதாக நீளும் கடைசி நொடியில் மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து சுண்ட வேண்டும். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் அடியில் விரிந்து, ஆள்காட்டி விரல் விளிம்பை ஒட்டி. எறிந்து முடிக்கும்போது கை, ஒருவருக்குக் கைகொடுப்பதைப் போலக் கூடையை நோக்கி நீண்டிருக்க வேண்டும். டிஸ்க் ஏறக்குறைய நேர்கோட்டில், வேகமாகச் சுழன்றபடி போகும்.

புஷ் புட்டுக்கு, லாரியில் தேங்காய் ஏற்றுகிறவர்கள் கீழிருந்து மேலே வீசிக்கொடுக்கும் கையைப் பாருங்கள். மணிக்கட்டு மடங்காது, முழங்காலும் தோளும்தான் வேலை செய்யும். கையைக் கிட்டத்தட்ட நீட்டியபடியே தொடைப் பக்கம் இறக்கி, பின்காலில் இருக்கும் எடையை முன்காலுக்கு மாற்றும்போது கையை மேலே கொண்டுபோய் விட வேண்டும். டிஸ்க் வில்லாக எழும்பி, சங்கிலிகளுக்கு மேலே இருக்கும் மேல்தகட்டை ஒட்டிய உயரத்துக்குப் போய், சங்கிலிமேல் மெதுவாக இறங்கும். சுழற்சி குறைவு.

ஆறு முறை உலக சாம்பியனான பால் மெக்பெத் ஸ்பின் கைக்காரர். 2016, 2017 உலக சாம்பியன் ரிக்கி வைசாக்கியின் கை இரண்டும் கலந்தது. ஆட்டக்காரர்கள் அதை ஸ்பஷ் என்பார்கள். கால் புஷ் மாதிரி வேலை செய்யும், கடைசியில் மணிக்கட்டு சிறிதாகச் சுண்டும். உச்சியில் ஆடுகிறவர்களிடமே இரண்டு வழியும் செல்லுபடியாகிறது என்பதால், யாரையாவது பார்த்து அப்படியே பின்பற்றுவதில் பயனில்லை.

தவறினால் எங்கே விழுகிறது

பாணியை ஒப்பிடும்போது பலரும் எத்தனை உள்ளே போனது என்று மட்டும் எண்ணுகிறார்கள். தவறிய டிஸ்க் எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த புட்டை அங்கிருந்துதானே எறியப்போகிறோம்.

புஷ் தவறினால் டிஸ்க் பெரும்பாலும் கூடையடியிலேயே விழும். அடுத்தது கையெட்டும் தூரம். ஸ்பின் தவறினால் நான்கைந்து மீட்டர் தாண்டிப் போவது சாதாரணம். சமதரையில் இது சிறிய நஷ்டம். திருவட்டாறு, குலசேகரம் பக்கத்து மேட்டுச் சரிவுகளில் பெரிய நஷ்டம். கூடையைத் தாண்டிய டிஸ்க் விளிம்பில் நின்று உருண்டால் அடுத்த தட்டு வரை இறங்கிவிடும். சரிவில் கீழ்நோக்கி எறியும்போது ஸ்பின் கைக்காரரும் வேகத்தைக் குறைத்து, சற்று எழுப்பி விடுவதுதான் புத்தி.

தவறும் திசையும் வேறு. வலது கைக்காரரின் ஸ்பின் பெரும்பாலும் இடம், வலமாகத் தவறும். விரல் தாமதமாக விட்டால் வலம், அவசரப்பட்டு விட்டால் இடம். புஷ் மேல், கீழாகத் தவறும். காலை மறந்து கையால் மட்டும் தூக்கினால் கூடையின் விளிம்பில் தட்டும். விடும் நேரத்தில் மணிக்கட்டு பின்னால் சாய்ந்தால் முன்விளிம்பு நிமிர்ந்து மேல்தகட்டில் மோதும். மேல்தகட்டின்மீது தங்கினாலும் அது உள்ளே போனதாகக் கணக்கில்லை. சங்கிலி அகலத்தில் குறுகல், உயரத்தில் தாராளம். ஆகவே நேர்கோடு தவறாத புஷ்ஷுக்கு அமைதியான காற்றில் ஒரு சாதகம் இருக்கிறது.

காற்று வந்தால்

அந்தச் சாதகம் காற்று எழுந்ததும் கரைந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறுக்கிப் பிடித்து வீசுகிறது. கடற்கரையில் சொத்தவிளை, முட்டம், தேங்காய்ப்பட்டணம் எங்கும் காலையில் அடங்கியிருக்கும் காற்று, வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து கிளம்பும். மெதுவாக, குறைந்த சுழற்சியோடு, முன்விளிம்பு நிமிர்ந்து போகும் டிஸ்க்கை அந்தக் காற்று தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும்.

எதிர்க்காற்றில் நிமிர்ந்த டிஸ்க்கின் அடிப்பக்கம் காற்றை வாங்கி எழும்பிக் கூடையைத் தாண்டும். பின்காற்றில் தாங்குதல் குறைந்து முன்னதாகவே விழும். ஆகவே எதிர்க்காற்றில் முன்விளிம்பைத் தாழ்த்தி, கூடை விளிம்புக்குச் சற்று மேலே குறி; பின்காற்றில் சங்கிலியின் மேல்பகுதிக்குக் குறி. பக்கக்காற்றுதான் பலரையும் ஏமாற்றுகிறது. வலது கைக்காரர் எறியும் டிஸ்க்கின் இடது விளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்தால், அதன் அடிப்பக்கம் வலப்புறம் பார்க்கும். வலமிருந்து வரும் காற்று அதைத் தூக்கி இடப்பக்கம் கொண்டுபோகும். இடமிருந்து வரும் காற்று மேல்தட்டில் அடித்து அழுத்தும், டிஸ்க் கூடையை எட்டாமல் விழும். இடக்காற்றென்றால் உயரம் கூட்டுங்கள், வலக்காற்றென்றால் குறியை வலப்பக்கம் தள்ளுங்கள். இந்தத் திருத்தங்கள் ஸ்பின்னுக்கும் தேவைதான். ஆனால் ஸ்பின்னில் உள்ளங்கை அளவு போதுமென்றால், புஷ்ஷில் ஒரு சாண் தேவைப்படும்.

தோவாளை, ஆரல்வாய்மொழி, கடற்கரை ஊர்கள் என்றால் ஸ்பின்னையே முதல் பாணியாக எடுங்கள். ரப்பர் தோட்டம், மரங்கள் அடைத்த பள்ளிக்கூட மைதானம் என்றால் புஷ் தாராளமாகப் போதும். நாகர்கோவில் போல இரண்டுக்கும் நடுவே இருக்கிறவர்களுக்கு ஸ்பஷ்.

கால் ஊன்றும் மண்

புஷ்ஷின் பலம் காலில் இருப்பதால் மண் முக்கியம். கடற்கரை மணலில் பின்கால் தள்ளும்போது குதிகால் புதைந்து, தள்ளிய விசையில் பாதி மணலுக்கே போய்விடும். அதே எறி கூடையை எட்டாமல் ஒரு மீட்டர் முன்னாலேயே விழும். மழைக்காலச் செம்மண்ணில் பின்கால் வழுக்கி டிஸ்க் தாழும். இம்மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் வழுக்கல் தரை இங்கே அபூர்வம் இல்லை. இந்த இரண்டு மண்ணிலும் கையை நம்பும் ஸ்பின் தப்பித்துக்கொள்ளும்.

நிற்பதிலும் இரண்டு வகை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைப்பது ஸ்டாக்கர்ட். இரண்டையும் பக்கவாட்டில் அகட்டிக் கூடையைப் பார்த்து நிற்பது ஸ்ட்ராடில். எடை மாற்றம் கிடைப்பதால் ஸ்டாக்கர்டில் தூரம் எளிது. இரண்டு பாணிக்கும் பொருந்தும். ஸ்ட்ராடிலில் தோள் நேராக இருப்பதால் குறி பிசகாது, ஆனால் விசைக்கு முழங்கால் மடக்கு மட்டும்தான். ஏழு மீட்டருக்கு மேல் பலருக்குத் திணறும். இருந்தாலும் பத்தில் இரண்டு புட்டாவது ஸ்ட்ராடிலில் பழகுங்கள். டிஸ்க் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றால், மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் எட்டிப்பார்த்து எறிய வேறு வழி கிடையாது. முன்னால் புதர் மறைத்தால் மட்டும் டர்போ: கட்டைவிரலை டிஸ்க்கின் அடியில் நடுவே வைத்து, விரல்களால் விளிம்பைப் பிடித்து, தலைக்கு மேலிருந்து திருகி விடுவது. அவசரத்துக்கான வித்தை, அன்றாடப் பாணி அல்ல.

மூன்று வாரச் சோதனை

ஒரே வகை, ஒரே எடையில் புட்டர், அதாவது புட்டிங்குக்கான டிஸ்க், ஐந்து வேண்டும். 170 முதல் 175 கிராம் வரை நல்லது. இலேசான டிஸ்க்கைக் காற்று எளிதாகத் திருப்பும். விளிம்பின் அடியில் மணிபோல் தடிப்புள்ளது, இல்லாதது இரண்டில் கைக்கு உறுத்தாதது எதுவோ அது. மலிவான பிளாஸ்டிக்கே புட்டிங்குக்குப் பிடிமானம். நம் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்க்கும், அதில் செம்மண் தூசு ஒட்டினால் டிஸ்க் நழுவும். ஒவ்வொரு ஐந்து எறிக்கும் ஒருமுறை துணியால் விளிம்பைத் துடையுங்கள்.

கூடைக்கு வெல்டிங் பட்டறையில் சொல்லலாம். மேலே 26 அங்குல சைக்கிள் ரிம், அதில் தொங்கும் சங்கிலி, கீழே ஒரு வளையக் கூடை. சங்கிலி துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆக இருக்கட்டும், கடற்காற்றில் சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சங்கிலி ஒற்றை வரிசையாக இருந்தால் வேகமான ஸ்பின் ஊடுருவி வெளியே போய்விடும், பாணியைக் குறை சொல்ல நேரும்; உள்ளே இன்னொரு வரிசை கட்டுங்கள். அதுவரை விளையில் நிற்கும் தென்னையே இலக்கு. தண்டில் 80 செ.மீ. உயரத்தில் ஒரு கயிறும், அதற்கு மேலே 50 செ.மீ.யில் இன்னொன்றும் கட்டி, இடையில் பட்டால் உள்ளே என்று வைத்துக்கொள்ளலாம். தண்டு கூடையைவிடக் குறுகல் என்பதால் கை கூர்மையாகும். முற்றிய காய், காய்ந்த மட்டை இல்லாத மரமாகப் பாருங்கள். ரப்பர் மரம் வேண்டாம்; பால்வெட்டும் பட்டை காயப்படும், கட்டியிருக்கும் சிரட்டையும் தெறிக்கும்.

ஒரு நைலான் கயிற்றில் 5 முதல் 10 மீட்டர் வரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கூடையடியில் கட்டுங்கள். கணக்குக்கு, ஃபின்லாந்தின் ஜுவாஸ்குலாவிலிருந்து வந்த ஜைலி ஆட்டம் நன்றாகப் பொருந்தும். முதல் சுற்று 10 மீட்டரில் ஐந்து புட். ஐந்தும் உள்ளே போனால் அடுத்த சுற்றும் 10-இல். நான்கு என்றால் 9, மூன்று 8, இரண்டு 7, ஒன்று 6, ஒன்றுமே இல்லையென்றால் 5. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போன எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். இருபது சுற்று, நூறு புட், முழு மதிப்பெண் 1000.

ஒருநாள் ஸ்பின், மறுநாள் புஷ். அதே நேரம், அதே இடம். வாரத்தில் பாதி நாள் காற்றில்லாத காலையில், பாதி நாள் காற்று கிளம்பிய மாலையில். ஒரே நாளில் இரண்டையும் கலந்து எறிந்தால் மணிக்கட்டு குழம்பும், எண்ணும் பொய் சொல்லும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் தவறியவை மேலா கீழா, இடமா வலமா என்று கோடு போடுங்கள். மூன்றாம் வாரக் கடைசியில் காலைக் கணக்கில் புஷ் முந்தியிருப்பதும், மாலைக் கணக்கில் ஸ்பின் முந்தியிருப்பதும் சகஜம். அப்போது மாலைக் கணக்கையே நம்புங்கள். காற்றில் நிற்கும் கை காற்றில்லாத நாளிலும் நிற்கும். மறுபக்கம் அப்படி வராது.

முடிவெடுத்தபின் ஆறு மாதம் மாற்றாதீர்கள். ஒரு மோசமான மாலைக்காகப் பாணியை மாற்றுகிறவருக்கு இரண்டும் கைகூடுவதில்லை. 10 மீட்டருக்கு வெளியே போய்விட்டால் சமநிலை விதி கிடையாது. டிஸ்க் கையைவிட்டுப் போனபின் முன்னே அடியெடுத்து வைக்கலாம், புஷ் கைக்காரருக்குத் தூரம் கூட அதுவே வழி. அதை முதல் மூன்று வாரத்தில் தொடவே வேண்டாம். ஐந்து மீட்டரில் ஐந்தும் உள்ளே விழும் நாள் வரட்டும்.