முடியின் கருநிறத்தை எடுப்பதா, அதன் மேலேயே பூசுவதா? இலங்கை மலைநாட்டுத் தலைகளுக்கு வண்ணச்சாயம்

ஆகஸ்ட் லீவும் டிசம்பர் லீவும் வந்தால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான். மகளுக்கு ஊதா வேண்டும், மகனுக்கு முன்முடி மட்டும் பொன்னிறமாக வேண்டும். அம்மா "வேணவே வேணாம்" என்பார். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த மாமா, "விடுங்கக்கா, முடிதானே, வளந்துரும்" என்பார். இருவர் பேச்சிலும் பாதி நியாயம் உண்டு. ஆனால் எந்த நிறம் என்று சண்டை பிடிப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி வேறு. முடியில் இருக்கிற கருநிறத்தை எடுத்துவிட்டுப் பூசப்போகிறோமா, அதன் மேலேயே பூசப்போகிறோமா? செலவு, முடிக்கு வரும் சேதம், பள்ளிக்கூடத்துப் பிரச்சினை எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

மேலேயே பூசுவதில் மூத்தது மருதாணி. இலையிலுள்ள லாசோன் என்ற பொருள் முடியின் புரதமான கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. அடியிலுள்ள கருப்பை அது தொடுவதில்லை. அதனால் நரைத்த தலையில் பளிச்சென்று செம்மஞ்சளாகத் தெரியும். கருத்த தலையில் வெயில் படும்போது மட்டும் ஒரு சிவப்பு மினுக்கம், அவ்வளவுதான். எங்கள் அம்மாயி பாலில்லாத சாயத்தண்ணியை, அதாவது வெறும் தேநீரை, கடுமையாகக் கொதிக்கவைத்து, இளஞ்சூட்டில் அதில்தான் பொடியைக் குழைப்பார். மருதாணி வெக்கை பூமிச் செடி, மேலே மலைக் குளிரில் செழிக்காது. ஆகவே எங்களுக்குக் கடையில் வாங்கும் பக்கெட் பொடிதான். குளிரில் சாயம் இறங்குவதற்கும் நேரம் பிடிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில், ஈரக் களியைத் தலையில் அப்பிக்கொண்டு பனிமூட்டத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் நரை மறைகிறதோ இல்லையோ, தடிமன் நிச்சயம். வெயில் ஏறிய பிறகு பூசி, பிளாஸ்டிக் உறை மாட்டி, மேலே துவாயைச் சுற்றிக்கொண்டால் பாதி நேரத்தில் வேலை முடியும்.

மருதாணி என்றால் ஆபத்தே இல்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. தனி மருதாணி ஒருபோதும் கருப்பாகாது. அவுரிப் பொடியை அடுத்துப் பூசினால் கருக்கும். அப்படி எதுவும் சொல்லாமல் அரை மணியில் கருப்பாக்கும் 'மருதாணி' பக்கெட்டில் பெரும்பாலும் இரசாயனச் சாயமே இருக்கும். ஜி-6-பி-டி (G6PD) என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்குச் சுத்தமான மருதாணியும் ஆகாது, இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கிளினிக்கில் அப்படிச் சொல்லியிருந்தால் கைக்குக்கூட இட வேண்டாம்.

அடுத்தது கடையில் தொங்கும் பெட்டி டை. பேர்கண்டி, செப்பு, அடர்சிவப்பு என்று அட்டையிலுள்ள பெண்ணின் தலை ஜொலிக்கும். உள்ளே இரண்டு குப்பி. ஒன்றில் அமோனியா போன்ற காரமும் சாயத்தின் மூலப்பொருளும், மற்றதில் ஹைட்ரஜன் பெரொக்சைட். காரம் முடியின் மேற்செதிலைத் திறக்கிறது. பெரொக்சைட் உள்ளேயிருக்கும் கருப்பைச் சற்று வெளுக்கவைத்து, மூலப்பொருளை நிறமாக மாற்றி உள்ளேயே பூட்டுகிறது. 'சற்று' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கருமுடியில் பேர்கண்டி பூசினால் வெயிலில் நின்று தலையைத் திருப்பினால்தான் தெரியும். ஆறு மாதம் மழையும் மூட்டமுமாக இருக்கும் ஊரில் அந்தக் காசுக்கு என்ன பிரயோசனம் என்று நான் கேட்டால் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஆனால் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் வகுப்பில் படிப்பிக்கிறவர்களுக்கும் அதுவே வசதி. ஞாயிறு கலியாண வீட்டில் சிவப்பு, திங்கள் காலையில் கருப்பு.

இந்தப் பெட்டியில் நான் பயப்படுவது நிறத்துக்கல்ல, பி.பி.டி. என்ற பாரா-பினைலின்டையமினுக்கு. நிரந்தரச் சாயங்களில், குறிப்பாகக் கருப்பிலும் கபிலத்திலும், அதுவோ அதன் நெருங்கிய உறவுப் பொருளோ இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் படும் கலவையில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது உரியதல்ல என்று பெட்டியில் அச்சிடவும் வைத்திருக்கிறது. 'அமோனியா இல்லை' என்றால் பி.பி.டி. இல்லை என்று அர்த்தமில்லை, 'மூலிகை' என்றாலும் அப்படித்தான். எங்கள் சித்தப்பா வருஷக்கணக்காக மீசைக்கும் தாடிக்கும் அதே டையைத்தான் பூசிவந்தார். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் பூசியவருக்கு விடியும்போது கண்ணிமை இரண்டும் வீங்கி, தாடை முழுக்க நீர்க்கொப்புளம். "இத்தன வருஷம் ஒத்துக்கிட்டது இன்னைக்கு மட்டும் ஏன் ஒத்துக்கல?" என்று ஆஸ்பத்திரியில் சண்டைக்கே போய்விட்டார். ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடம்பு பலமுறை பொறுத்து, ஒரு நாள் எதிர்க்கத் தொடங்கும். தொடங்கிவிட்டால் பிறகு திரும்பாது. திருவிழாவில் கையில் 'கருப்பு மருதாணி' போட்டுக் கொப்புளம் கண்ட பிள்ளைகளுக்கும் இதுவே கதை. அவர்கள் பெரியவர்களாகி டை பூசும்போது முகம் வீங்கலாம். பூசுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு துளி வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒவ்வொரு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கருநிறத்தை எடுக்கிற கதைக்கு வருவோம். நீலம், பச்சை, ரோஸ், ஊதா எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான். பிளீச் பொடியிலுள்ள பெர்சல்பேட்டும் பெரொக்சைட்டும் சேர்ந்து முடிக்குக் கருப்பைத் தரும் மெலனின் என்ற நிறமியை உடைக்கும். கருப்பு ஒரே தாவலில் வெள்ளையாகாது. முதலில் செங்கபிலம், பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்புறம் போல வெளிர்மஞ்சள். பெரொக்சைட் 6, 9, 12 சதவீதங்களில் கிடைக்கும். சலூன்காரர்கள் அவற்றையே 20, 30, 40 'வொலியூம்' என்பார்கள். அவசரத்தில் 12-ஐத் தலைத்தோலில் வைப்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

குளிர் இங்கேயும் விளையாடும். தலைத்தோலின் சூட்டில் வேர்ப்பக்கம் சட்டென்று வெளுக்க, தொங்கும் பகுதி குளிரில் மந்தமாக நிற்கும். அதனால்தான் தேர்ந்தவர்கள் நடுமுடியிலும் நுனியிலும் முதலில் பூசி, வேருக்குக் கடைசியில் வருவார்கள். குளிர் என்று லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறையின் கதவு சன்னலை மூடிக்கொண்டு பிளீச் கலக்குவதும் கூடாது, அந்தப் புகை இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு எமன்.

எங்கள் அக்கா மகன் டவுன் சலூன் ஒன்றில் நீலம் கேட்டான். அவர்கள் மஞ்சள் நிலையிலேயே வெளுப்பை நிறுத்திவிட்டு நீலத்தைப் பூசினார்கள். முதல் நாள் பிரமாதம். ஒரு வாரத்தில் நீலம் மெலிய, அடியிலிருந்த மஞ்சள் மேலே வந்து, தலை முழுக்கப் பாசிப் பச்சை. பொதுத் தண்ணீர்ப் பீலியில் தலை கழுவும்போது பச்சைத் தண்ணீர் ஓட, குடத்தோடு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அம்மாயி சொன்னதுதான் உச்சம்: "சின்னப்புள்ளையில செம்பட்ட பாஞ்சிருக்குன்னு எண்ணெய வச்சு வச்சு கருப்பாக்கிவிட்டேன். இப்ப காசு குடுத்து நீயா செம்பட்டையாக்கிட்டு, அது மேல பச்சையும் பூசிக்கிட்டியாக்கும்." சத்துக் குறைந்த பிள்ளைகளின் முடிதான் நிறம் மங்கிச் செம்பட்டையாகும் என்பதை அனுபவத்தில் கண்ட தலைமுறை அது. அவர்கள் முகம் சுளிப்பதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதிலிருந்து என் கட்சி தெளிவானது. நீலமும் வெளிர் ஊதாவும் சரியாக வர வேண்டுமானால் முடி வெளிர்மஞ்சள் வரை போக வேண்டும், அதுவரை போன முடி நார் நாராகிவிடும். சிவப்பு, செப்பு, மெஜந்தா ஆகியவற்றுக்குச் செம்மஞ்சள் நிலையே போதும். அடியிலிருக்கும் நிறமே அவற்றுக்குத் துணை, மங்கினாலும் அசிங்கமாகாது. பாதிப் பிளீச்சில் முழு நிறம் கிடைக்கும்போது நம் முடிக்கு ஏன் நீலம்? அதையும் தலை முழுக்கச் செய்யாமல் நுனியில் ஒரு சாண் அளவுக்குச் செய்வதையே நான் ஆதரிப்பேன். மருந்து தோலில் படாது. வேர் மாதம் ஒரு சென்ரிமீற்றர் கருப்பாக வளர்ந்து கோடு காட்டாது. பிடிக்காவிட்டால் கத்தரிக்கோல் இருக்கிறது.

வெளுத்த முடியில் பூசும் இந்தப் பளிச்சென்ற சாயங்களில் பெரும்பாலும் பெரொக்சைட் கிடையாது, ஒவ்வொரு கழுவலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பச்சைத்தண்ணீரில் கழுவினால் நெடுநாள் நிற்கும். ஆனால் நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் பச்சைத்தண்ணீரில் தலைக்கு ஊற்றச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? சுடுதண்ணி சாயத்தைச் சீக்கிரம் கழற்றும் என்று தெரிந்தே வெதுவெதுப்பில் சமாதானமாக வேண்டியதுதான். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. மழையிலும் வேர்வையிலும் தலைத்துணி முழுக்க நிறம் இறங்கும், கூடைக்கயிறு அழுந்தும் இடத்தில் முடி ஏற்கனவே நைந்திருக்கும். அங்கே பிளீச் வைத்தால் உடைந்துவிடும். பிளீச்சுக்கு முந்திய இரவு தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், முடியின் புரதம் கரைந்துபோவதை அது குறைக்கும். மலைக் குளிரில் குப்பியில் எண்ணெய் உறைந்துதான் கிடக்கும், இளக்கிக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். லீவு முடியும் ஞாயிறு இரவு இரட்டைப் பின்னலில் நிறம் தெரியாதிருக்கக் கருப்பு டையை அவசரமாகப் பூசுவதுதான் இருப்பதிலேயே மோசம். வெளுத்து நொந்த முடியில் பி.பி.டி. சேர்கிறது, அந்தக் கருப்பை அடுத்த லீவுக்கு எடுப்பதும் பெரும்பாடு. பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நிறம் வேண்டுமென்றால் கழுவினால் போகும் ஸ்ப்ரேயோ வண்ண மெழுகோ போதும். எண்ணெய் இல்லாத முடியில்தான் அது பிடிக்கும். கிரேப் கடதாசியை நனைத்துத் தேய்ப்பது பழைய தந்திரம், காசும் இல்லை. ஆனால் அது தோலுக்கென்று செய்த சாயமில்லை, ஒரு தூறல் விழுந்தால் வெள்ளைச் சீருடையின் கழுத்துப்பட்டி போச்சு.

என் ஓட்டு கிளிப் மாட்டும் வண்ண முடிக்குத்தான். நீலமோ பச்சையோ எதையும் கேட்கலாம், எதையும் வெளுக்கத் தேவையில்லை, மாலையில் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். அக்கா தங்கச்சி மாற்றி மாற்றிப் போடலாம். மலிவானவை செயற்கை இழை. அடுப்படிக்குப் போகும்போது கழற்றிவிட வேண்டும், தணல் பட்டால் உருகிவிடும். வாங்கும்போது கிளிப்பின் பல்லை விரலில் தேய்த்துப் பாருங்கள், கூராக இருந்தால் முடியை அறுக்கும்.