டூன்சே ஆஸ்மோலேட்டர் 3155: வழியும் தொட்டிக்கு ஒரு காவல்

மீன்களும் பவளங்களும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை நாள்தோறும் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவிகளில், ஜெர்மனியின் பென்ஸ்பெர்க் நகரைச் சேர்ந்த டூன்சே நிறுவனத்தின் ஆஸ்மோலேட்டர் 3155 நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. தண்ணீரை எவ்வளவு ஒழுங்காக நிரப்புகிறது என்பதைவிட, நிரப்பும் வேலை தவறிப்போகும் நாளில் வீட்டுத் தரையை அது எப்படிக் காப்பாற்றுகிறது என்பதைத்தான் நான் முதன்மையாகப் பார்த்தேன்.

விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் ஒரேயொரு மிதவை சுவிட்ச்தான் இருக்கும். அதன் தண்டில் உப்பு படிந்தாலோ, ஒரு சிறு நத்தை ஏறி உட்கார்ந்தாலோ, மிதவை கீழேயே நின்றுவிடும். பம்ப்போ தண்ணீர் குறைந்திருக்கிறது என்று எண்ணி, சேமிப்பு வாளியில் உள்ளதையெல்லாம், தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்புக்குள் கொட்டிவிடும். 200 லிட்டர் கடல்நீரில் 20 லிட்டர் நன்னீர் கலந்தால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு ஏறத்தாழ 32 ஆகக் குறையும். பவளங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. சம்ப்பில் இடம் இல்லையென்றால் மிச்சத் தண்ணீர் மர அலமாரிக்குள் வழியும். ஒட்டுப்பலகை ஒருமுறை ஊறி உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆஸ்மோலேட்டரின் சிறப்பு, அது தன் சென்சாரையே முழுமையாக நம்பாததுதான். அன்றாட நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது அசையும் பாகம் ஏதுமில்லாத அகச்சிவப்பு ஒளி சென்சார். அது தவறினால் தண்ணீர் உயர்ந்து, அதற்கு மேலே பொருத்தப்பட்டிருக்கும் மிதவை சுவிட்சை எட்டும். உடனே பம்ப் நின்று எச்சரிக்கை ஒலி எழும். இரண்டும் வெவ்வேறு முறையில் இயங்குவதால், ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றதையும் அதே நேரத்தில் கெடுப்பது அரிது. ஒரே வகை மிதவைகள் இரண்டை அடுத்தடுத்து வைத்திருக்கும் கருவிகளைவிட இதை நான் உயர்வாக மதிப்பதற்கு இதுவே காரணம். மூன்றாவதாக, பம்ப் தொடர்ந்து 10 நிமிடங்கள் ஓடியும் நீர்மட்டம் சரியாகாவிட்டால், கருவி பம்ப்பை நிறுத்திவிட்டு ஒலி எழுப்பும். வாளி காலியான பின் பம்ப் வறண்டு ஓடிக் கெடாமலிருக்கவும் இந்த நேர வரம்பு உதவுகிறது.

பொருத்தும்போது ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். தண்ணீர் வரும் சிறு குழாயின் முனை, சேமிப்பு வாளியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சம்ப்புத் தண்ணீருக்குள்ளும் மூழ்கக் கூடாது. முனை வாளியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால், பம்ப் நின்ற பிறகும் சைஃபன் முறையில் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டேயிருக்கும். அப்போது எத்தனை சென்சார் இருந்தும் பயனில்லை, ஏனெனில் அவற்றால் நிறுத்த முடிவது பம்ப்பை மட்டுமே.

இதை வாங்கினால் வெள்ளம் பற்றிய கவலையே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்வெட்டு நேரத்தில், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும், மேல் தொட்டியின் தண்ணீர் அதே குழாய் வழியே சம்ப்புக்கு இறங்கும். 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் 27 லிட்டர் இறங்கிவிடும். இந்த வெள்ளத்துக்கும் ஆஸ்மோலேட்டருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைத் தடுக்க அந்தக் கருவியால் முடியாது. குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டி உயர்த்தி வைப்பதும், சம்ப்பில் போதிய வெற்றிடம் விடுவதுமே வழி. தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பியிருப்பது எனக்கு உடன்பாடில்லை; அதன் உள்ளே சுண்ணாம்பு படிந்தால் முழுதாக மூடாது. சென்னையில் கொளத்தூர் போன்ற இடங்களில் தொட்டியையும் சம்ப்பையும் அளவு சொல்லிச் செய்து வாங்க முடிகிறது என்பதால், இறங்கி வரக்கூடிய 27 லிட்டரையும் வாளியின் 20 லிட்டரையும் சேர்த்து, 47 லிட்டருக்கு மேல் வெற்றிடம் இருக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இதைவிட நுட்பமான ஆபத்தும் ஒன்று உண்டு. மேலிருந்து தண்ணீர் இறங்கும் வடிகுழாயைப் பாசியோ நத்தையோ அடைத்துவிட்டால், மேல் தொட்டி நிரம்பிக்கொண்டே போகும், சம்ப்பின் பம்ப் அறையில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவை ஆவியாதல் என்றே எடுத்துக்கொண்டு கருவி மேலும் தண்ணீர் சேர்க்கும். 10 நிமிட வரம்பு முடிவதற்குள் ஒரு சிறிய வாளி காலியாகிவிடவும் கூடும். ஆகவே அவசர வடிகுழாய் ஒன்றைத் தனியாக அமைப்பதும், பம்ப் அறையைச் சிறிதாக வைத்துக்கொள்வதும் அவசியம். பம்ப் அறையில் 15 லிட்டர் இருந்தால், மேலே சொன்ன தொட்டியில் அது ஏறத்தாழ 3 செ.மீ. உயரும், அதோடு வாளித் தண்ணீரும் சேரும் என்பதைக் கணக்கிட்டே மேல் விளிம்பில் இடைவெளி விட வேண்டும். வாரத்துக்குத் தேவையான தண்ணீரை ஒரேயடியாக நிரப்பி வைக்கலாமே என்று பெரிய வாளி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பராமரிப்பு எளிது. ஒளி சென்சாரின் முனையை மென்மையான துணியால் துடைப்பதும், மிதவையைக் கையால் உயர்த்தி எச்சரிக்கை ஒலிக்கிறதா என்று சோதிப்பதும் போதும். சென்சார்களைக் காற்றுக்குமிழிகள் குறைவாக உள்ள அறையில் வைக்க வேண்டும்.

ஒற்றை மிதவைக் கருவிகளைவிட இதன் விலை கூடுதல்தான். சம்ப்புடன் கூடிய கடல்நீர்த் தொட்டியை மாடிக் குடியிருப்பில் வைத்திருப்பவர்கள், வடிகுழாயையும் சம்ப்பின் வெற்றிடத்தையும் சரிசெய்துவிட்டால், அந்தக் கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம். சம்ப் இல்லாத சிறிய நன்னீர்த் தொட்டிக்கு இது தேவையில்லை. அதில் குறையும் தண்ணீரைக் கையால் ஊற்றிக்கொள்ளலாம்.