'லெவல் 5' பட்டம்: காசு கட்ட முதல் இதைப் பாருங்கள்

யாழ்ப்பாண நகரத்துக்குள், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இயங்கும் கல்வி நிலையத்தில் ஐ.டி. டிகிரிக்கென்று சேர்ந்த தென்மராட்சிப் பெடியன் ஒருவனின் கடதாசிகளைப் பார்த்த பிறகு எழுதும் எச்சரிக்கை இது. நிலையத்தின் பெயர் வேண்டாம். இதே கடதாசியை வேறு பெயர்ப்பலகைக்குக் கீழேயும் கொடுக்கிறார்கள்.

கடதாசிகள் மூன்று வகை. முதலாவது துண்டுப்பிரசுரம்: "மூன்றே வருடத்தில் பிரித்தானியப் பட்டம், முழுவதும் ஆங்கில மொழிமூலம், ஐ.ஈ.எல்.டி.எஸ். தேவையில்லை." இரண்டாவது அனுமதிக் கடிதம்: "தகவல் தொழில்நுட்பம், லெவல் 4 மற்றும் லெவல் 5." மூன்றாவது பற்றுச்சீட்டுக் கட்டு. ஒவ்வொன்றிலும் "கோர்ஸ் ஃபீ" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து. பல்கலைக்கழகத்தின் பெயர் துண்டுப்பிரசுரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. அனுமதிக் கடிதத்திலும் இல்லை, ஒரு பற்றுச்சீட்டிலும் இல்லை. இரண்டு வருடம் முடியக் கையில் கிடைத்தது டிப்ளோமா. பட்டம் எங்கே என்று கேட்டால், "அது டொப்-அப் தம்பி, அதுக்கு வேற பதிவு, கட்டணம் பவுண்சில" என்று பதில்.

இங்கே பொய் என்று பிடிக்கக்கூடிய வசனம் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. லெவல் 5 என்று சொன்னார்கள், லெவல் 5 கொடுத்தார்கள். ஏமாற்று முழுக்க அந்த இலக்கத்துக்குள்தான் இருக்கிறது.

லெவல் 5 என்ற சொல் மூன்று இடத்தில் மூன்று பொருள் தரும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள். அதில் 5ஆம் மட்டம் சாதாரண இளமாணிப் பட்டம், 6ஆம் மட்டம் சிறப்புப் பட்டம். என்.வி.கியூ. என்கிற தொழிற்தகைமையில் லெவல் 5 தேசிய டிப்ளோமா. பட்டத்துக்கு லெவல் 7 வரை போக வேண்டும். இங்கிலாந்தில் லெவல் 5 என்பது எச்.என்.டி. என்கிற உயர் தேசிய டிப்ளோமா அளவு, பட்டம் லெவல் 6. நிலையத்தின் ஆள் இங்கிலாந்தின் 5ஐக் கையில் வைத்துக்கொண்டு, இலங்கைச் சட்டகத்தின் அட்டவணையைத் திரையில் காட்டி, "பாருங்கோ அம்மா, லெவல் 5க்கு நேரே என்ன போட்டிருக்கு? பச்சிலர்ஸ் டிகிரி" என்பார். அட்டவணை அசல்தான். அதைக் காட்டின இடம்தான் பிழை.

கிரெடிட் கணக்கிலும் இதே வித்தை உண்டு. இலங்கையில் சாதாரணப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. இங்கிலாந்து எச்.என்.டி. 240 கிரெடிட். "எங்கட கோர்ஸ் இரட்டிப்புப் பெறுமதி" என்று சொல்ல இது நல்ல வசதி. ஆனால் அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலப் படிப்பு, இங்கே 50 மணித்தியாலம். பெருக்கிப் பார்த்தால் எச்.என்.டி. 2,400 மணித்தியாலம், இலங்கைச் சாதாரணப் பட்டம் 4,500. இங்கிலாந்தின் சிறப்புப் பட்டத்துக்கு மொத்தம் 360 கிரெடிட் வேண்டும். எச்.என்.டி.க்குப் பிறகு மிஞ்சும் 120 தான் அந்த டொப்-அப் வருடம். பட்டம் கொடுப்பது அதை நடத்தும் பல்கலைக்கழகம். அதற்குள் போக விடுவதா இல்லையா என்பதும் அவர்களின் முடிவு. இரண்டாம் மாடிக்காரருக்கு அதில் அதிகாரம் கிடையாது.

எச்.என்.டி.யோ டொப்-அப்போ கூடாத விஷயம் என்று சொல்லவில்லை. எத்தனையோ பேர் அந்த வழியால் போய் நல்ல வேலையில் இருக்கிறார்கள். முதல் நாளே "இது டிப்ளோமா, பட்டத்துக்கு மூன்றாம் வருடம் இன்ன பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு பவுண்ஸ்" என்று எழுத்தில் தரும் இடத்தில் சேரலாம். பவுண்சில் உள்ள தொகையை இன்றைய ரூபாவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இடைநடுவில் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி, சரிபார்க்கும் முறை. முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: சான்றிதழில் கையெழுத்து வைக்கப் போவது யார்? பதில் உள்நாட்டுத் தனியார் நிறுவனம் என்றால், அது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அங்கீகாரம் நிறுவனத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் பட்டத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும். வணிக முகாமைத்துவப் பட்டத்துக்கு வாங்கின அனுமதியைக் காட்டி ஐ.டி.க்கு ஆள் சேர்க்க முடியாது. பதில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பொதுநலவாயப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் உலக உயர்கல்வித் தரவுத்தளத்திலோ பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பதும் அவற்றைத்தான். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிரபலமான பெயருக்கு முன்னால் "நியூ", பின்னால் "இன்ரநஷனல்" ஒட்டிக்கொண்டு திரியும் பெயர்கள் உண்டு.

பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்துக்குப் போய், பங்காளி நிறுவனங்களின் பட்டியலில் இந்த நிலையம் இருக்கிறதா என்று தேடுங்கள். கொழும்புக் கிளைக்கு இருக்கும் அனுமதி யாழ்ப்பாணக் கிளைக்கும் பொருந்துமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நிலையம் கொடுக்கும் முகவரிக்கு அல்ல, பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள முகவரிக்கு. பதில் வரப் பத்து நாள் எடுத்தால் பத்து நாள் பொறுங்கள். "இண்டைக்குக் கட்டினா கழிவு" என்பது இந்த மின்னஞ்சலை நீங்கள் எழுதாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு.

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும் கடதாசிகளால் மயங்க வேண்டாம். கம்பனிப் பதிவு கடை திறக்கவும் எடுக்கலாம். மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு சான்றிதழ், டிப்ளோமா மட்டங்களுக்கான தகுதியைத்தான் காட்டும். பட்டத்துக்கு அது பதில் அல்ல. ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் முகாமைத்துவ நடைமுறைக்கானது. இங்கிலாந்தில் தகைமைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவால் என்ற அமைப்பு பட்டங்களை ஒழுங்குபடுத்துவதே இல்லை. ஆகவே "ஒஃப்குவால் அங்கீகாரம் பெற்ற டிகிரி" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வரலாம். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்களே என்பார்கள். அந்த முத்திரை கையெழுத்தையும் இலச்சினையையும்தான் உறுதிப்படுத்தும், படிப்பின் தரத்தை அல்ல.

ஆங்கில மொழிமூலம் என்பதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். வகுப்பு தமிழில், நோட்ஸ் ஆங்கிலத்தில், ஒப்படை எழுதிக் கொடுக்க "அண்ணா ஒருவர்" தனிக் கட்டணத்தில். இப்படி நடக்கும் இடங்களில் முதல் வருடம் சுகமாகப் போகும். டொப்-அப்புக்குப் போனதும் ஒப்படைகள் எழுத்துத் திருட்டு சோதிக்கும் மென்பொருளுக்குள் விழும். அகப்பட்டால் அந்தப் பாடம் போகும், சில வேளை பதிவே போகும். சேர முதல் ஒரு சாதாரண விரிவுரையில் ஒரு மணித்தியாலம் பின்வாங்கில் இருந்து பார்க்கக் கேளுங்கள். விடமாட்டோம் என்றால் காரணம் உங்களுக்கே விளங்கும்.

அரச பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் பி.ஐ.டி. என்கிற தகவல் தொழில்நுட்ப இளமாணிப் பட்டம் ஆங்கிலத்தில்தான், முதலாம் வருடத்தோடு டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா என்று இடையில் இறங்கவும் வழி உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் பி.ஐ.டி. இருக்கிறது. ரியூசன் வகுப்பை எங்கேயும் எடுக்கலாம், ஆனால் பதிவும் சோதனைக் கட்டணமும் மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான விஷயம். "எல்லாம் நாங்களே செய்து தாறம்" என்று வாங்கி, நிலையத்தின் மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுப் பதிந்தால், கடவுச்சொல் அவர்களிடம். சோதனை விண்ணப்பத்தின் முடிவுத் திகதி பிள்ளைக்கு வந்து சேராது. வகுப்புக் காசு பாக்கி என்றால் அந்தக் கடவுச்சொல்லே பிணை. விண்ணப்பத்தை உங்கள் சொந்த மின்னஞ்சலில் நீங்களே நிரப்புங்கள். அரை நாள் வேலை.

வெளிநாட்டு நிறுவனத்தின் டிப்ளோமா என்றால், சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் அந்த நிறுவனம் கொடுத்த பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, நேரே அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். ஆட்கள் சேரட்டும் என்று பதிவை ஒரு வருடம் இழுத்தடிக்கும் இடங்களும் உண்டு. அந்த எண் இல்லாமல் எழுதின ஒப்படையை அந்த நிறுவனம் கணக்கில் எடுக்காமல் விடலாம்.

காசை நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் போடுங்கள். மாமா கனடாவிலிருந்து பணிப்பாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பினால், பிணக்கு வரும் நாளில் "எங்கட கணக்குக்கு அப்படி ஒண்டும் வரேல்ல" என்று சொல்ல அவர்களுக்கு இலேசு. பற்றுச்சீட்டில் கற்கைநெறியின் முழுப் பெயர், மட்டம், பட்டம் வழங்கும் நிறுவனம் மூன்றும் எழுதுவியுங்கள். ஏ.எல். மூலச் சான்றிதழைக் கொடுக்கவே வேண்டாம். உறுதிப்படுத்திய பிரதி போதும். மூலச் சான்றிதழ் ஏற்கனவே அவர்களிடம் அகப்பட்டுவிட்டால் சண்டை பிடிக்காமல் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் புதிதாக ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஏற்கனவே கட்டியவர்கள்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், விசாரிக்கத் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டுக்கு 3 மாதக் காலவரையறை இருப்பதால், "அடுத்த கிழமை தாறம்" என்ற தவணைகளுக்குள் அது கரைந்துபோக விடாதீர்கள். துண்டுப்பிரசுரத்தையும் வாட்ஸப் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வையுங்கள். "டிகிரி" என்ற சொல் பெரும்பாலும் அவற்றில் மட்டும்தான் இருக்கும். கூடவே, அந்த நிலையத்துக்கும் அந்தப் பட்டத்துக்கும் 25அ அங்கீகாரம் இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே கேட்டு எழுதுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு தர வேண்டும். அந்தப் பதில் கடிதத்தின் பிரதியை முறைப்பாட்டோடு இணைத்துவிடுங்கள்.